இன்கா ட்ரெயில் 4 நாள்: கேமரா எடை, பேட்டரி, வெளிச்சம், கால்கள்

பனிமூட்டம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஜூன் மூன்றாம் வாரம் பெரு நாட்டின் மச்சு பிச்சுவுக்கு 4 நாள் இன்கா ட்ரெயில் மலைநடை. பெர்மிட் உறுதியாகிவிட்டது. ஃபுல் ஃப்ரேம் பாடி, 16-35, 24-105, 70-200 எஃப் 2.8 என மூன்று லென்ஸ், அலுமினிய ட்ரைபாட் எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோவைத் தாண்டுகிறது. எதை விடலாம்? வழியில் சார்ஜ் போட முடியாது என்கிறார்கள், பேட்டரிக்கு என்ன வழி? பால்வெளியும் எடுக்க வேண்டும். உயரத்துக்கு உடலை எப்படிப் பழக்குவது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருங்கல் எழுதியது:

எடையிலிருந்தே தொடங்குவோம். மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான்.

இரண்டாம் நாள் வாய்யபம்பா முகாமில் சுமார் 3,000 மீட்டரில் புறப்பட்டு, வார்மிவன்யுஸ்கா கணவாயில் 4,215 மீட்டர் வரை ஒரே மூச்சாக ஏற வேண்டும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம்தான். முதுகில் ஐந்து கிலோ கேமராவோடு ஏறுபவர் பாதி வழியில் பையைத் திறப்பதையே விட்டுவிடுவார். பைக்குள் கிடக்கும் கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் படம் தராது.

என் பரிந்துரை: பாடி 700 கிராம், 24-105 எஃப் 4 இன்னொரு 700, 16-35க்குப் பதிலாக 20 மி.மீ. எஃப் 1.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் 400 முதல் 500 வரை. கூடுதல் பேட்டரிகள், கார்டுகள், துடைக்கும் துணி, ஊதுகுழல் எல்லாம் 400 கிராம். இரண்டரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். 20 பிரைம் பகலில் அகலக்கோணமாகவும் இரவில் நட்சத்திர லென்ஸாகவும் உதவும். எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். எஃப் 4 ஜூமை வைத்துக்கொண்டு பால்வெளிக்கு முயன்றால், எஃப் 2 தருவதில் கால் பங்கு வெளிச்சம்தான் கிடைக்கும்.

70-200 எஃப் 2.8ஐ வீட்டிலேயே விடுங்கள்.

ட்ரைபாட் முகாமில் மட்டும்தான் தேவைப்படும். அதனால் அது போர்ட்டர் சுமக்கும் டஃபல் பைக்குள் போகலாம். ஆனால் அந்தப் பைக்குப் பெரும்பாலான ஏஜென்சிகள் தரும் வரம்பு 7 கிலோ, அதிலேயே உறங்குபையும் பாயும் அடக்கம். உறங்குபை ஒன்றரைக் கிலோ, பாய் முக்கால் கிலோ போனால் துணிமணி, ட்ரைபாட் எல்லாவற்றுக்கும் மீதி நாலே முக்கால் கிலோ. ஒரு கிலோவுக்குக் குறைவான கார்பன் ட்ரைபாட் என்றால் அடங்கிவிடும், அலுமினியம் இடிக்கும். ஒரு போர்ட்டருக்கு மொத்தச் சுமை 20 கிலோதான் என்பது பெரு நாட்டுச் சட்டம். கிளம்பும் இடத்தில் தராசு வைத்து நிறுப்பார்கள். அங்கே நின்று பையைப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பேட்டரி, கார்டு, லென்ஸ் எதையும் டஃபலில் வைக்காதீர்கள். காலையில் கொடுத்தால் மாலை முகாமில்தான் அந்தப் பையைப் பார்ப்பீர்கள்.

ஒளித்திவலை எழுதியது:

70-200 விஷயத்தில் அண்ணா சொல்வதைப் பாதிதான் ஏற்கிறேன். எஃப் 2.8 வேண்டாம், சரி. ஆனால் முதல் நாள் யாக்டபட்டா இடிபாட்டை மேட்டிலிருந்து குனிந்து பார்க்கும் இடத்தில், குசிசாகா ஆற்றங்கரையில் வளைந்து வளைந்து போகும் அடுக்கு வயல்களுக்கு 105 போதாது. நெருக்கிக் கட்டம் கட்டினால்தான் அந்த வளைவு படமாகும். 70-300 எஃப் 4.5-5.6 வகை லென்ஸ் எஃப் 2.8ஐவிட நன்றாகவே எடை குறைவு. எந்நேரமும் வெளிச்சம் இருக்கும் ஊரில் எஃப் 5.6 ஒரு குறையே இல்லை.

கருங்கல் எழுதியது:

நியாயம்தான். ஆனாலும் 45 மெகாபிக்சல் பாடி என்றால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் 1.5 மடங்கு கிராப் பயன்முறையில் 105 மி.மீ. லென்ஸ் 157 ஆகிவிடும், கையில் இருபது மெகாபிக்சல் மிஞ்சும். 24 மெகாபிக்சல் பாடி வைத்திருப்பவர் வேண்டுமானால் தொலைவை நெருக்கிக் காட்டும் சின்ன டெலி லென்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம், அப்போது 20 பிரைமா டெலியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். மூன்று லென்ஸ் கொண்டுபோனால் மாற்றும் தடவைகளும் கூடும். ஜூன் வறண்ட காலம், முதல் நாள் பாதை முழுக்கத் தூசி. சென்சாரில் ஒரு புள்ளி விழுந்தால் அடர்நீல வானம் உள்ள எல்லாப் படத்திலும் அது தெரியும்.

மெல்லநட எழுதியது:

உடல் தயாரிப்பு பற்றி நான் சொல்கிறேன். கேமராவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதை ஒரு வரியில் கடந்துபோனால் மற்றதெல்லாம் வீண்.

குஸ்கோ 3,400 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து விமானத்தில் நேராக அங்கே இறங்குவதுதான் முதல் சிக்கல். 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உறங்கும் உயரத்தைக் கூட்ட வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் அளவு. விமானம் அதை ஒரே மணி நேரத்தில் உடைத்துவிடுகிறது. அதனால் இறங்கியதும் குஸ்கோவில் தங்காமல் காரில் புனிதப் பள்ளத்தாக்குக்குப் போய்விடுங்கள். ஒயான்டைடம்போ சுமார் 2,800 மீட்டர், உருபம்பாவும் ஏறக்குறைய அதே அளவு. அங்கே இரண்டு இரவு, பிறகு குஸ்கோவில் இரண்டு இரவு, அதன் பிறகு ட்ரெயில். முதல் நாளில் மது வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், ஓடி ஆடவும் வேண்டாம்.

உயர நோய்க்கான அசிடஸோலமைடு மாத்திரை: தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் காலை, மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இதைச் சாப்பிட்டால் விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். படம் எடுப்பவர்கள் கவனிக்க: அந்தக் குறுகுறுப்பைக் குளிர் என்று எண்ணிக் கையுறையைத் தேடுவார்கள். மருந்துதான் காரணம், பயம் வேண்டாம்.

தலைவலியோடு குமட்டல் இருந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்க வேண்டும், கைடிடம் மறைக்கக் கூடாது. இந்தப் பாதையில் ஒரு நல்ல அம்சம், மூன்று இரவும் முறையே 3,000, 3,600, 2,650 மீட்டரில். மிக உயர்ந்த இடத்தில் யாரும் உறங்குவதில்லை.

பயிற்சி எல்லோரும் ஏறுவதற்குத்தான் செய்கிறார்கள், முழங்காலை முறிப்பது இறக்கம். இரண்டாம் நாள் கணவாயிலிருந்து பகாய்மாயோ முகாமுக்கு 600 மீட்டர் இறக்கம். மூன்றாம் நாள் புயுபடமார்கா இடிபாட்டிலிருந்து வின்யாய் வைனா முகாமுக்கு இன்னும் ஆயிரம் மீட்டர், பெரும்பாலும் கல்படிகள். ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம், ஈரமானால் வழுக்கும். குறைந்தது எட்டு வாரம் முன்பே தொடங்கி, வாரம் மூன்று தடவை 6 கிலோ பையோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்கும்போது வேகத்தைக் குறையுங்கள், ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை உடலைத் தாங்கி மெதுவாக இறக்க வேண்டும். அந்தத் தசைவேலைதான் பழக வேண்டியது. வாரக் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு நாள் நீண்ட நடை. முதல் நாளின் களைப்போடு மறுநாளும் நடக்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.

பனிமூட்டம் எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. பேட்டரிக்கு 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று வாங்கிவிட்டால் போதுமா?

கருங்கல் எழுதியது:

கணக்கைப் பாருங்கள். 20,000 எம்ஏஎச், 3.7 வோல்ட், ஆக 74 வாட்-மணி. மின்னழுத்தம் மாற்றுவதில் போவது, பேட்டரி ஏற்றுவதில் போவது எல்லாம் கழித்தால் கைக்கு வருவது 45 முதல் 50. ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் பேட்டரி ஒன்று சுமார் 16 வாட்-மணி. அதாவது மூன்று தடவை ஏற்றலாம், எடை 350 முதல் 400 கிராம். அதே மூன்று ஏற்றத்துக்கு மூன்று கூடுதல் பேட்டரி கொண்டுபோனால் 240 கிராம்தான், இரவில் கேபிளோடு காத்திருக்கவும் வேண்டாம். கேமராவுக்குக் கூடுதல் பேட்டரி, போனுக்குச் சின்ன 10,000 பவர் பேங்க், இதுதான் சரியான பங்கீடு. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

நாளுக்கு 300 படம், கொஞ்சம் இரவு வேலை என்றால் பாடியில் ஒன்று, கையில் மூன்று, மொத்தம் நான்கு. மிரர்லெஸில் பேட்டரியைத் தின்பது படம் எடுப்பதைவிட திரையும் வ்யூஃபைண்டரும் விழித்திருப்பதுதான். தானாக அணையும் நேரத்தைப் பத்து விநாடிக்கு இறக்குங்கள். எடுத்ததைத் திரையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கத்தையும் அந்த நாலு நாள் மறந்துவிடுங்கள்.

விமானத்தில் பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில்தான். முனைகள் உரசாமல் மூடியிருக்க வேண்டும். பெருவில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், தட்டை முள்ளும் உருண்டை முள்ளும் இரண்டும் புழக்கத்தில் உண்டு. கிளம்பும் முந்தைய இரவே விடுதியில் எல்லாவற்றையும் ஏற்றி, நிறைந்ததை ஒரு பையிலும் தீர்ந்ததை வேறு பையிலும் வையுங்கள்.

நட்சத்திரவலை எழுதியது:

குளிர் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஜூன் இரவில் பகாய்மாயோ முகாமில் வெப்பநிலை உறைநிலையைத் தொடும், கீழேயும் போகும். குளிர்ந்த லித்தியம் பேட்டரி சீக்கிரமே தீர்ந்ததாகக் காட்டும். சட்டைப் பையில் சூடாக்கினால் கொஞ்சம் மீண்டு வரும், தூக்கி எறிய வேண்டாம். இரவில் எல்லாப் பேட்டரியும் உறங்குபைக்குள், கால்மாட்டில்.

கேமரா மட்டும் உள்ளே வரக் கூடாது. கூடாரத்துக்குள் இரவு முழுக்க விடும் மூச்சில் ஈரம் நிறைந்திருக்கும். குளிர்ந்த லென்ஸ் அதற்குள் வந்தால் கண்ணாடி முழுக்க வியர்க்கும், சில நேரம் உள் கண்ணாடியிலும். காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம் வைத்து, கூடாரத்தின் வெளிமறைப்புக்குள் வையுங்கள். ஜிப்பை மூடும் வேலையை வெளிக்காற்றில் நிற்கும்போதே செய்ய வேண்டும், உள்ளே வந்த பிறகு மூடினால் ஈரத்தைத்தான் அடைத்து வைக்கிறீர்கள்.

இனி பால்வெளி. மச்சு பிச்சு தெற்கு அட்சம் 13 டிகிரி. ஜூன் நடுவில் பால்வெளி மையம் நள்ளிரவை ஒட்டித் தலைக்கு மேல் நெருங்கிவிடும், தெற்கில் 74 டிகிரி உயரம். அப்போது மலையையும் மையத்தையும் ஒரே கட்டத்தில் அடக்க 14 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகத் திருப்பினாலும் திணறும். நள்ளிரவுக்குக் காத்திருக்காதீர்கள். இரவு எட்டு, ஒன்பது மணிக்கே வேலையை முடிக்கலாம், உறக்கமும் கிடைக்கும். எட்டு மணிவாக்கில் தென்சிலுவை உச்சியைச் சற்றே தாண்டித் தெற்கே 42 டிகிரி உயரத்தில் நிற்கும், ஒன்பது மணியை ஒட்டி ஆல்ஃபா சென்டாரி அதே உயரத்துக்கு வரும். 20 மி.மீ. லென்ஸில் மலைமுகட்டோடு சேர்த்து அழகாக அடங்கும்.

இந்த இடத்துக்கென்றே ஒரு காட்சி உண்டு. ஆண்டிஸ் மக்கள் விண்மீன்களை இணைத்து மட்டும் உருவம் பார்க்கவில்லை, பால்வெளியின் இருண்ட தூசித் திட்டுகளிலும் உருவங்களைக் கண்டார்கள். அதில் பெரியது யகானா என்ற லாமா. ஆல்ஃபா, பீட்டா சென்டாரி இரண்டும் அதன் கண்கள். அந்த இருளில்தான் உருவமே இருக்கிறது, ஆகவே பின்தொகுப்பில் நிழலைத் தூக்கித் தூக்கி வெளுப்பாக்கிவிடாதீர்கள்.

அமைப்பு: எஃப் 2, ஐஎஸ்ஓ 3200, 13 விநாடி. 500ஐக் குவியத்தூரத்தால் வகுக்கும் பழைய கணக்கு 25 விநாடி என்று சொல்லும், இன்றைய சென்சாரில் அந்த நேரத்துக்கு விண்மீன் கோடாகிவிடும். குவியம் கைமுறையில், ஆல்ஃபா சென்டாரியைத் திரையில் பெரிதாக்கி, மிகச் சிறிய புள்ளியாகும் வரை. பிறகு வளையத்தை ஒரு துண்டு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நெற்றி விளக்கு சிவப்பு ஒளியில். பக்கத்துக் கூடாரத்தில் போர்ட்டர்கள் அதிகாலை எழ வேண்டியவர்கள், அவர்கள் மீது வெள்ளை விளக்கை அடிக்காதீர்கள். பயணத் தேதியைப் பௌர்ணமியோடு ஒப்பிட்டீர்களா? வளர்பிறை எட்டாம் நாளிலிருந்து முன்னிரவு முழுக்க நிலா இருக்கும்.

பனிமூட்டம் எழுதியது:

பார்த்தேன், அமாவாசைக்கு அடுத்த நாள்கள்தான். மச்சு பிச்சுவுக்குள் ட்ரைபாட் விடுவார்களா?

ஒளித்திவலை எழுதியது:

விடமாட்டார்கள். ட்ரைபாட், செல்ஃபி கம்பு, ட்ரோன் எல்லாம் தடை. தொழில்முறைப் படப்பிடிப்பு என்றால் கலாச்சார அமைச்சகத்தின் குஸ்கோ இயக்குநரகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 40 x 35 x 20 செ.மீ.க்கு மேற்பட்ட பை உள்ளே போகாது, நுழைவாயில் வைப்பறையில் கொடுத்துவிட வேண்டும். கேமராவுக்கு மடிக்கும் சிறு பை ஒன்று தனியாக வைத்திருங்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலும் கூடாது.

2024 ஜூனிலிருந்து உள்ளே மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் பத்துத் துணைப்பாதைகள். எல்லோரும் அறிந்த அந்த மேலிருந்து பார்க்கும் காட்சி, காவலர் வீட்டருகே நின்று எடுப்பது, 1, 2 சுற்றுகளில் கிடைக்கும், 3இல் கிடைக்காது. உங்கள் டிக்கெட்டில் எந்தச் சுற்று என்பதை ஏஜென்சியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் இன்டிபுங்கு என்ற சூரிய வாசலிலிருந்து மேல்வழியாக இறங்குவதால் அந்தப் பக்கத்தைக் கடந்துதான் வருவீர்கள். அங்கே நிற்கும்போதே எடுத்துவிடுங்கள், பிறகு திரும்பி ஏற விடமாட்டார்கள்.

கருங்கல் எழுதியது:

வெளிச்சத்தின் திசையை இப்போதே மனதில் பதித்துக்கொண்டால் நல்லது. தெற்கு அரைக்கோளம், ஜூனில் நண்பகல் சூரியன் வடக்கே, 53 டிகிரி உயரத்தில். டிசம்பரில் ஏறக்குறைய தலைக்கு மேல். கல் கட்டுமானத்துக்கு ஜூன்தான் கொடுப்பினை, நாள் முழுக்க ஓரளவு சாய்ந்த ஒளி கிடைக்கும்.

காவலர் வீட்டருகே நின்றால் கேமரா வடக்கே, வைனா பிச்சு சிகரத்தைப் பார்க்கும். காலை ஒளி வலப்பக்கம் கிழக்கிலிருந்து வந்து ஒவ்வொரு சுவரின் விளிம்பையும் பிரித்துக் காட்டும். நண்பகலில் சூரியன் எதிரே வந்துவிடுவதால் காட்சி வெளிறிவிடும். ஜூனில் சூரியன் ஆறே காலை ஒட்டி உதித்தாலும், சுற்றியுள்ள மலைகளைத் தாண்டி ஊரின் மீது ஒளி விழுவது ஏறக்குறைய ஏழு மணிக்குப் பிறகுதான். வின்யாய் வைனா சோதனைச் சாவடி திறப்பது 5:30க்கு, அங்கிருந்து இன்டிபுங்கு ஒன்றரை, இரண்டு மணி நேர நடை. ஆகவே ஓட வேண்டிய அவசியமே இல்லை. இருட்டில் ஓடுபவர்கள் முதல் ஒளிக்கு முந்தைய சாம்பல் நேரத்தில் போய் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

பள்ளத்தாக்கில் மேகம் நிறைந்திருந்தால் ஏமாந்து இறங்கிவிடாதீர்கள். வெயில் ஏற ஏற மேகம் கிழியும், அந்தக் கிழிசலில் ஊரின் ஒரு மூலை தெரியும் சில நிமிடங்கள்தான் நல்ல படம். பனிமூட்டத்தில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.7 ஸ்டாப் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். ஆட்டோ ஃபோகஸ் தடுமாறினால் கைமுறைக்கு மாறுங்கள். வெரோனிகா, சல்கான்டாய் போன்ற பனிச்சிகரங்களுக்கு நேர்மாறு: சிகரத்தில் வெயில், பள்ளத்தாக்கில் நிழல், அப்போது 0.7 முதல் 1 வரை குறைத்து, RAW கோப்பாக எடுத்து நிழலைப் பிறகு தூக்கலாம். அகலக்கோணத்தில் போலரைசர் ஃபில்டர் வேண்டாம். இந்த உயரத்தில் வானம் ஏற்கெனவே அடர்நீலம், நடுவில் கருந்திட்டு விழும்.

இன்னொன்று, இதை அழுத்தியே சொல்கிறேன். மெமரி கார்டையும் ஆசையையும் கடைசி நாளுக்கென்று ஒதுக்காதீர்கள். வழியில் உள்ள இடிபாடுகளில் கூட்டம் குறைவு, கயிறு கட்டிய பாதை குறைவு, நிற்க நேரமும் உண்டு. மூன்றாம் நாள் காலை முகாமிலிருந்து சிறிது நேரத்திலேயே ருன்குராகாய் வரும், நீள்வட்டச் சுவர், எதிர்ப்பக்கம் நேற்று கடந்த கணவாய். சுவரின் உள்வளைவை முன்னே வைத்துக் கணவாயைப் பின்னே வையுங்கள். 20 மி.மீ., எஃப் 11. சாயக்மார்காவுக்குப் பாதையிலிருந்து விலகிக் குறுகிய செங்குத்துப் படி ஏற வேண்டும். களைப்பில் பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். மலைமூக்கின் மேல் அறை அறையாகச் சுவர்கள், மூன்று பக்கமும் சரிவு.

வின்யாய் வைனா முகாமிலிருந்து சில நிமிட நடைதான். வளைந்து இறங்கும் அடுக்கு வயல்கள், இடையே நீர்த்தொட்டி வரிசை. மாலை நான்கு மணிக்குள் அங்கே இருங்கள், மலைமுகடு மறைப்பதால் சூரியன் நாள்காட்டி சொல்லும் நேரத்துக்கு முன்பே போய்விடும். நிழல் விழுந்த பிறகும் பையை மூட வேண்டாம். நேர்வெயிலில் கட்டம் கட்டமாகச் சிதறித் தெரியும் வயல்கள், அந்தச் சீரான ஒளியில் ஒரே வளைவாக ஓடும்.

பெரு நாட்டுப் புகைப்படக்காரர் மார்ட்டின் சாம்பி 1920களில் கண்ணாடித் தட்டுகளில் மச்சு பிச்சுவைப் படம் எடுத்தார். கிளம்பும் முன் அவற்றை இணையத்தில் நிதானமாகப் பாருங்கள், கருப்பு வெள்ளையில் மலையும் சுவரும் எப்படி நிற்கின்றன என்று.

மெல்லநட எழுதியது:

பாதை ஒழுக்கமும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமையோடு போர்ட்டர் வந்தால் மலைச்சரிவை ஒட்டிய உள்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்தின் பக்கம் நிற்கவே கூடாது, பை இடித்தாலே போதும். படம் எடுக்க ஒதுங்கும்போதும் அதே பக்கம். குறுகிய படியில் ட்ரைபாட் விரிக்காதீர்கள். போர்ட்டர்களைப் படம் எடுக்க முதலில் கேளுங்கள், மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருப்பவரை நிறுத்தாதீர்கள். முகாமில் சுமை இறக்கிய பிறகு கேட்டால் முகத்தில் சிரிப்பும் இருக்கும்.

பெர்மிட்டில் உள்ள பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டோடு பொருந்த வேண்டும், கிலோமீட்டர் 82 சாவடியில் பார்ப்பார்கள். இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் பழையதையும் கொண்டுபோங்கள், ஏஜென்சிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பனிமூட்டம் எழுதியது:

அருமை. முடிவு இதுதான்: பாடி, 24-105, 20 எஃப் 1.8, பேட்டரி நான்கு, 64 ஜிபி கார்டு இரண்டு, கார்பன் ட்ரைபாட் டஃபலில், 10,000 பவர் பேங்க். கேமராவைக் கழுத்தில் மாட்டுவதா, பையிலா?

ஒளித்திவலை எழுதியது:

கழுத்தில் வேண்டாம். குனிந்து படி ஏறும்போது ஊஞ்சல் ஆடிக் கல்லில் இடிக்கும், பாதத்தையும் மறைக்கும். பையின் தோள்பட்டையில் மாட்டும் கிளிப் வாங்குங்கள், லென்ஸ் கீழ்நோக்கித் தொங்கும், ஒரு கையால் எடுக்கலாம். கிளிப்பின் திருகைத் தினமும் காலையில் இறுக்கிப் பாருங்கள், நடை அதிர்வில் தளரும். செங்குத்து இறக்கங்களில் கேமராவைப் பைக்குள் போட்டு இரண்டு கையிலும் கம்பு. வறண்ட காலமானாலும் புயுபடமார்காவுக்குப் பிறகு பாதை மேகக்காட்டுக்குள் நுழைகிறது, தூறலுக்கு ஒரு மழையுறை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கம்பு என்றதும் ஒன்று. இரும்பு நுனி கல்லைச் சுரண்டும், அதனால் ரப்பர் உறை இல்லாத கம்புக்கு அனுமதி இல்லை. உறை சேற்றில் கழன்று போகக்கூடியது, மாற்று ஜோடி ஒன்று பையில் போட்டுக்கொள்ளுங்கள்.